பக்கத்தில் உட்காரும் பாடம்

எங்கள் தெருக் கடைசி வீட்டுப் பெண் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறாள். அப்பா நேஷனல் பர்மிட் லாரி டிரைவர். அம்மா வீட்டிலேயே விசைத்தறி ஓட்டுகிறார். எங்கள் ஊரான சங்ககிரியில் பல வீடுகளின் பிழைப்பு லாரியிலோ தறியிலோதான் இருக்கிறது. ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் நர்சிங் மாணவிகளுக்கு மனநலச் செவிலியம் பாடமாக வருகிறது. அந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். அதனால் "பெரியம்மா, இதக் கொஞ்சம் சொல்லிக் குடுங்க" என்று ரெக்கார்டு நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பட்டறைகளில் வெல்டிங் சத்தம் ஓய்ந்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து படிப்போம்.

அந்த நோட்டைப் புரட்டும்போது எனக்குச் சந்தோஷமும் கவலையும் சேர்ந்தே வருகின்றன. எங்கள் படிப்பில் இல்லாத எத்தனையோ நல்ல விஷயங்கள் அதில் இருக்கின்றன. நோயாளியின் உரிமை இருக்கிறது. ரகசியம் காப்பது, தன்னையறிதல், நோயாளியோடு வைத்துக்கொள்ளும் உறவின் எல்லை எல்லாம் இருக்கின்றன. ஆனால் எங்களுக்குக் கிடைத்த ஒன்று இவளுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. அதைச் சொல்வதற்கு முன், பழைய காலம் எப்படி இருந்தது என்பதைப் பூசி மெழுகாமல் சொல்லிவிட வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தெருவில் ஓர் அண்ணனை மாட்டுக் கொட்டகையில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள். நன்றாகப் படித்தவர். பி.யூ.சி. படிக்கும்போது ராத்திரியெல்லாம் தூங்காமல் சுவரோடு பேச ஆரம்பித்தார். "முனி அடிச்சிருச்சு" என்றார்கள். கோழி அறுத்தார்கள், கயிறு மந்திரித்துக் கட்டினார்கள். பிறகு குணசீலத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மண்டலம் தங்கவைத்தார்கள். காவிரிக் கரையில் உள்ள அந்தப் பெருமாள் கோயிலில் மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைத்து, பூசை வேளையில் முகத்தில் தீர்த்தம் தெளிக்கும் வழக்கம் உண்டு. திரும்பி வந்த பிறகு சில மாதம் நன்றாக இருந்தார். அப்புறம் மறுபடியும் சங்கிலிதான்.

அவருடைய அம்மாவைக் குறை சொல்ல எனக்கு அன்றைக்கும் மனம் வரவில்லை, இன்றைக்கும் வராது. கொட்டகை வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு மழையோ பனியோ அந்த அம்மாள் அங்கேதான் படுத்திருப்பார். விட்டால் பையன் ரயில்வே லைன் பக்கம் ஓடிவிடுவான் என்ற பயம் அவருக்கு. இதற்கென்று ஒரு மருத்துவர் உண்டு, மருந்து உண்டு என்று எடுத்துச் சொல்ல ஊரில் ஆள் கிடையாது. அந்த அண்ணன் முப்பது வயதைப் பார்க்காமலே போய்விட்டார். நான் நர்சிங்குக்குப் போனதற்கு வீட்டின் வறுமையும் ஒரு காரணம். ஆனால் மனநலப் பிரிவை நானாகக் கேட்டு வாங்கிக்கொண்டதற்கு அந்தக் கொட்டகைதான் காரணம்.

1980-களின் நடுவில் ஜெனரல் நர்சிங்கில் சேர்ந்தேன். அப்போதும் நாட்டில் நடப்பில் இருந்தது வெள்ளைக்காரர்கள் 1912-இல் போட்டுவைத்த பைத்தியச் சட்டம். 1987-இல் புதிய மனநலச் சட்டம் நிறைவேறியும், அது நடைமுறைக்கு வர 1993 ஆயிற்று. அதனால் நோயாளியின் உரிமை என்று எங்களுக்கு ஓர் அத்தியாயம் இருக்க வழியே இல்லை. டியூட்டர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதிக்கொண்டதுதான் பாடப்புத்தகம். நோய்களின் பெயர், மாத்திரைகளின் பெயர், அதிர்ச்சி சிகிச்சைக்கு டிரேயில் என்னென்ன எடுத்துவைக்க வேண்டும் என்ற பட்டியல், அவ்வளவுதான். வார்டில் எங்கள் முதல் வேலை எண்ணிக்கை. சாப்பாடு முடிந்ததும் தட்டு, டம்ளர், ஸ்பூன் எண்ண வேண்டும். சவரம் முடிந்ததும் பிளேடு எண்ண வேண்டும். கடைசியில் ஆட்களை எண்ண வேண்டும். ஷிப்ட் மாறும்போது கை மாறுகிற முதல் பொருள் சாவிக்கொத்து.

மனநலப் பயிற்சிக்குப் போஸ்டிங் போன இடத்தில் அதிர்ச்சி சிகிச்சையை மயக்க மருந்து இல்லாமல்தான் கொடுத்தார்கள். டைரக்ட் ஈ.சி.டி. என்பார்கள். ஒருத்தி தோளைப் பிடித்துக்கொள்வாள், ஒருத்தி இடுப்பை, இன்னும் இருவர் முழங்கால்களை. ஸ்டாஃப் நர்ஸ் வாயில் அடைப்பு வைத்துத் தாடையைத் தாங்கிக்கொள்வார். பொத்தானை அழுத்தியதும் உடம்பு விறைத்துத் தூக்கிப்போடும். எலும்பு முறியாமல், மூட்டு விலகாமல் பிடித்துக்கொள்வதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்த செவிலியம். அடுத்த முறைக்குக் காத்திருந்தவர்கள் கதவு இடுக்கில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் கண்களை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

அதிர்ச்சி சிகிச்சையே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கடுமையான மனச்சோர்வில் அன்னம் தண்ணி இல்லாமல் கிடந்தவர்களை அது எழுப்பி உட்காரவைத்ததை நான் பார்த்திருக்கிறேன். மயக்கமும் தசை தளர்த்தும் மருந்தும் கொடுத்து, மூச்சைக் கவனித்துக்கொண்டு செய்யும் இன்றைய முறையில் நோயாளிக்கு வலியும் தெரியாது, எலும்புக்கும் ஆபத்தில்லை. மயக்க மருந்து இல்லாத பழைய முறையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு தடைசெய்துவிட்டது. நோயாளியைச் சங்கிலியால் கட்டக்கூடாது என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது.

அந்த வரி சட்டத்தில் ஏறுவதற்கு நம் தமிழ்நாடு கொடுத்த விலை பெரிது. 2001 ஆகஸ்ட் 6 விடிகாலை, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியில் பிணைத்திருந்தார்கள். 28 பேர் இறந்துபோனார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. அந்தச் செய்தியைக் கேட்ட அன்று வகுப்பில் எனக்குப் பாடம் நடத்த வரவில்லை. எங்கள் தெருக் கொட்டகையும் கீற்றுக் கூரைதான்.

2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த அந்த 2017 சட்டத்தை இப்போதைய மாணவிகள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கிறார்கள். செய்யட்டும். சிகிச்சையை முன்கூட்டியே தீர்மானித்து எழுதிவைக்கும் உரிமை, தன் சார்பில் பேச ஒருவரை நியமிக்கும் உரிமை, தன் மருத்துவக் குறிப்பைப் பார்க்கும் உரிமை எல்லாம் இப்போது ஒரு நோயாளிக்கு உண்டு. பத்தொன்பது, இருபது வயதுப் பெண் ஒருத்தி இதையெல்லாம் வரி பிசகாமல் சொல்லும்போது எனக்கு மனசு நிறைந்துவிடுகிறது.

எங்களுக்குக் கிடைத்தது என்ன என்பதற்கு வருகிறேன். போஸ்டிங்கின் முதல் நாளே ஒரு மாணவிக்கு ஒரு நோயாளி என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். போஸ்டிங் முடியும்வரை அவரோடுதான் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தவர் ராசிபுரம் பக்கத்து அம்மாள் ஒருவர். நடுத்தர வயது. சோற்றில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று உறுதியாக நம்பினார். தட்டு வந்தால் தள்ளிவிடுவார். ஆயா அதட்டிப் பார்த்தார். இன்னொருவர் "நான் ஒரு வாய் தின்னு காட்டட்டுமா?" என்று கேட்டார். "உனக்கு மாத்து மருந்து தெரியும், எனக்குத் தெரியுமா?" என்று அந்த அம்மாள் திருப்பிக் கேட்டார். எலும்பும் தோலுமாக இருந்தார்.

மூன்றாம் வேளையும் தட்டு திரும்பிப் போனபோது எங்கள் டியூட்டர் வந்தார். ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, நேருக்கு நேராக இல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், கை நீட்டினால் தொட முடியாத தூரத்தில் உட்கார்ந்தார். கதவுக்கும் நோயாளிக்கும் நடுவே அவர் உட்காரவில்லை. பயந்தவருக்கு வெளியே போகும் வழி திறந்திருக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதை அப்புறம்தான் எங்களுக்குச் சொன்னார்.

"சோத்துல என்னமோ கலந்திருக்குதுன்னு தோணுதுங்களா?"

"தோணறதென்ன, கலந்துதான் இருக்குது."

"அப்படி நெனச்சா பயமாத்தானுங்க இருக்கும். பசி ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்."

அந்த அம்மாள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார்.

"எனக்கு அதுல ஒண்ணும் இருக்கற மாதிரித் தெரியலைங்க. ஆனா உங்க பயம் புரியுது. எதைக் குடுத்தா பயமில்லாம சாப்பிடுவீங்க? நீங்களே சொல்லுங்க."

பதில் இல்லை. டியூட்டர் எழுந்திருக்கவும் இல்லை, அடுத்த கேள்வி கேட்கவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். எனக்கோ ஏதாவது பேசிவிட வேண்டும் என்று நாக்கு துடித்தது. வெகுநேரம் கழித்து, "முட்டை" என்றார் அந்த அம்மாள். "ஓட்டோட குடுத்தா திங்கறேன்."

அவித்த முட்டையை ஓட்டோடு கொண்டுவந்து கையில் கொடுத்தோம். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார், விரல் நுனியால் தடவி விரிசல் இருக்கிறதா என்று தேடினார். கட்டில் சட்டத்தில் தட்டி, ஓட்டைத் துணுக்குத் துணுக்காக உரித்து மடியில் சேர்த்தார். உள்தோல் கிழியாமல் இருப்பதைப் பார்த்த பிறகுதான் வாயில் வைத்தார். மறுநாள் முட்டையோடு தோல் உரிக்காத வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். அதற்கடுத்து பிரிக்காத பிஸ்கட் பொட்டலம். கொஞ்ச நாளில் மற்றவர்களுக்குப் பரிமாறுகிற பாத்திரத்திலிருந்து தன் கையாலேயே சோறு போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். அதற்குள் மருந்தும் வேலை செய்யத் தொடங்கியிருந்தது.

டியூட்டர் செய்தது என்ன என்பதை வராந்தாவில் எங்களை நிறுத்திவைத்து விளக்கினார். "விஷம் இல்லை, நீங்கள் நினைப்பது தப்பு" என்று வாதாடினால் அந்த நம்பிக்கை கரையாது, நாமும் எதிரிகள் பட்டியலில் சேர்ந்துவிடுவோம். "ஆமாம், பார்த்துச் சாப்பிடுங்கள்" என்று ஒத்து ஊதினால் நோய்க்கு நாமே சாட்சி சொன்னதாகிவிடும். பயத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். நமக்கு என்ன தெரிகிறது என்பதை ஒரே ஒரு முறை, சத்தம் உயர்த்தாமல் சொல்ல வேண்டும். முடிவை அவர் கையில் கொடுக்க வேண்டும். காதில் குரல் கேட்கிறது என்பவரிடமும் இதே வழிதான். அங்கே இன்னொன்று கூடுதலாக உண்டு. "என்ன சொல்லுதுங்க அந்தக் குரல்?" என்று கட்டாயம் கேட்க வேண்டும். செத்துப்போ என்றோ அடி என்றோ அது கட்டளை போடுமானால் அவரைத் தனியே விடக்கூடாது.

பேசியதையெல்லாம் அன்றன்றே எழுதிக் காட்ட வேண்டும். அதற்குப் பிராசஸ் ரெக்கார்டிங் என்று பெயர். நோயாளி சொன்னது ஒரு பத்தியில், நாம் சொன்னது அடுத்ததில், அந்த நேரம் நம் மனசில் ஓடியது மூன்றாவதில். டியூட்டர் சிவப்புப் பேனாவோடு முதலில் பார்ப்பது மூன்றாவது பத்தியைத்தான்.

இந்தப் பாடத்துக்கு வேர் போட்டவர் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர். நர்சுக்கும் நோயாளிக்கும் இடையே வளரும் உறவே சிகிச்சையின் கருவி என்று ஒரு புத்தகம் எழுதினார். 1948-இலேயே எழுதி முடித்தும், டாக்டர் ஒருவரின் பெயர் சேராமல் ஒரு நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தால் அது வெளிவர 1952 ஆயிற்று. பாரிஸில் குளோர்ப்ரோமசின் மருந்தை மனநோய்க்குக் கொடுத்துப் பலன் கண்டதும் அதே 1952-இல்தான். மருந்து சில வருடங்களில் உலகத்தின் எல்லா வார்டுகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பெப்லாவ் சொன்ன உறவு அப்படிச் சேரவில்லை. ராசிபுரத்து அம்மாளுக்கு இரண்டும் கிடைத்தன, அவர் வீடு திரும்பினார்.

எங்கள் தெருப் பெண்ணின் நோட்டில் பெப்லாவ் ஒரு பக்கம் முழுக்க இருக்கிறார், கட்டம் போட்டு, வண்ணப் பேனாவில். பக்கத்திலேயே ஜோஹாரி ஜன்னல். எனக்கும் பிறருக்கும் தெரிந்தது, எனக்கு மட்டும் தெரிந்தது, பிறருக்கு மட்டும் தெரிந்தது, யாருக்குமே தெரியாதது என்ற நான்கு கட்டங்கள். அழகாக வரைந்திருந்தாள். ஒரு கட்டத்திலும் அவளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"இதுல உன்னப் பத்தி எழுதலியா கண்ணு?"

"படம்தானுங்க பெரியம்மா கேட்டாங்க."

எனக்காக எழுது, யாருக்கும் காட்ட வேண்டாம் என்றேன். யோசித்து யோசித்து எழுதினாள். பிறகு தானாகவே நீட்டினாள். குடித்துவிட்டு வருபவரைக் கண்டாலே எனக்கு அருவருப்பு, கிட்டே போகப் பிடிக்காது என்று ஒரு வரி இருந்தது. அந்த வீட்டு நிலவரம் தெரிந்தவளுக்கு அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று புரியும். இது தெரியாமல் அவள் வார்டுக்குப் போனால் என்ன ஆகும்? தினமும் குடித்துப் பழகியவர் காலை முறித்துக்கொண்டு வந்து அட்மிட் ஆவார். குடி நின்ற இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், வியர்த்துக் கொட்டும், படுக்கை விரிப்பில் பூச்சி ஊர்வதாகப் பிடுங்குவார், நேரம் காலம் தெரியாமல் உளறுவார். அது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும், குழப்பம் தெளியும்வரை உடம்பைக் காப்பாற்ற வேண்டும், குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தயமின் போட்டாயிற்றா என்று பார்க்க வேண்டும். "குடிகாரன் ரகளை பண்றான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும் நர்சுக்கு இதில் ஒன்றும் கண்ணில் படாது. தன்னையறிதல் என்ற பாடத்தை இதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இன்னொரு நாள் கேஸ் ஸ்டடி கொண்டுவந்தாள். பேரும் ஊரும் இல்லாமல் எழுதியிருந்தாள், அதுவே சரி. நோயாளி ஒரு லாரி டிரைவர். இருமுனைக் கோளாறு. ஓய்வில்லாமல் தொடர்ந்து ராத்திரி லோடு ஓட்டி, தூக்கம் கெட்டு, பித்து தலைக்கேறி வந்தவர். இந்த நோய் உள்ளவர்களுக்குத் தூக்கம் கெடுவதே பித்தைக் கிளப்பிவிடும். மருந்து லித்தியம். ரத்தத்தில் அதன் அளவு லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட்டுக்குள் இருக்க வேண்டும், 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு, கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். எல்லாம் சரியாக எழுதியிருந்தாள்.

"சரி, இவர் டிஸ்சார்ஜ் ஆகி சித்திரை வெயில்ல நாக்பூருக்கு லோடு ஏத்திட்டுப் போறார். என்ன சொல்லி அனுப்புவ?"

"மாத்திரைய விடாம போடச் சொல்லுவேனுங்க."

மாத்திரையை விடாமல் போட்டதாலேயே அவர் ஆபத்தில் மாட்டிக்கொள்ளலாம். இன்ஜின் சூட்டில் வியர்வை ஆறாக ஓடும். வழியில் நிறுத்த வேண்டி வருமே என்று டிரைவர்கள் தண்ணீரைக் குறைத்துக் குடிப்பார்கள். உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் உப்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதோடு லித்தியத்தையும் பிடித்துவைத்துக்கொள்ளும். போட்டது அதே மாத்திரைதான், ரத்தத்தில் அளவு மட்டும் ஏறும். இடுப்பு வலிக்கென்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகளில் பலவும் லித்தியத்தை இன்னும் ஏற்றிவிடும். முதலில் வாந்தி, பேதி. பிறகு கை பெரிதாக நடுங்கும், கால் தள்ளாடும், பேச்சு குழறும். ஸ்டியரிங் பிடித்திருப்பவருக்கு இது வந்தால் யார் யார் உயிர் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. "தண்ணி கேனை நெறச்சு வெச்சுக்குங்க, சாப்பாட்டுல உப்பைத் திடீர்னு குறைக்காதீங்க, வலி மாத்திரை வேணும்னா டாக்டரக் கேட்டு வாங்குங்க, வாந்தி பேதியோ தள்ளாட்டமோ வந்தா வண்டிய ஓரங்கட்டிட்டு மாத்திரைய நிறுத்திப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்க." இதைக் கிளீனருக்கும் சொல்ல வேண்டும், அவர் மனைவிக்கும் சொல்ல வேண்டும்.

லாரிக்காரர் மகளான இவளுக்கு ஏன் இது தோன்றவில்லை? புத்திசாலிப் பெண்தான். அந்த டிரைவரிடம் உட்கார்ந்து பேசியிருந்தால் தண்ணீர்க் கேன் கதை தானாக வந்திருக்கும். பேசுவதற்கு அவளுக்கு நேரம் தரவில்லை. கல்லூரிப் பஸ்ஸில் ஒரு கூட்டமாகக் கொண்டுபோய் இறக்குகிறார்கள். கையில் அச்சடித்த படிவம். தோற்றம், பேச்சு, மனநிலை, நினைவாற்றல் என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். ஒரே நோயாளியை நாலைந்து பேர் சுற்றி நின்று, இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழைக் கழிங்க என்று மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். மறுநாள் போனால் அவர் டிஸ்சார்ஜ் ஆகியிருப்பார். பிராசஸ் ரெக்கார்டிங்கை சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தில் எல்லாம் இருக்கிறது, அந்தப் பெண்ணுக்கு உட்கார ஒரு ஸ்டூல் மட்டும் இல்லை.

இதற்காக அந்தக் காலமே தேவலை என்று நான் சொல்ல மாட்டேன். எங்களுக்கு அவ்வளவு நேரம் கிடைத்தது எப்படி? நோயாளிகள் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் அங்கேயே கிடந்தார்கள். விட்டுப்போன வீட்டார் திரும்பி வரவில்லை. நாங்கள் நிதானமாகப் படித்ததற்கு அவர்கள் தங்கள் ஆயுளைக் கொடுத்தார்கள். 1794-இல் புரசைவாக்கத்தில் தொடங்கி 1871-இல் இடம் மாறிய கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் சுவர்களுக்கு வெளியே நோயாளிகளைக் கொண்டுவருவதற்கு டாக்டர் சாரதா மேனன் தன் வாழ்நாளைச் செலவிட்டார். 1961-இல் அதன் கண்காணிப்பாளர் ஆனவர், ஓய்வுக்குப் பிறகு 1984-இல் மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். மனச்சிதைவு உள்ளவர் வீட்டில் இருந்தபடியே மருந்து சாப்பிட்டு வேலைக்கும் போகலாம் என்று காட்டிய தலைமுறை அது. 1990-களின் பிற்பகுதியில் திருச்சியில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டம் இப்போது தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் இருக்கிறது. சேலத்துக்குக்கூடப் போகாமல், மருத்துவக் குழு வரும் நாளில் உள்ளூர் அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை வாங்கிக்கொள்கிறவர்கள் உண்டு. நோயாளி சீக்கிரம் வீடு திரும்புவது நல்ல செய்தி. படிப்பு அவரைத் தொடர்ந்து வீட்டுக்கு வர வேண்டும், அவ்வளவுதான்.

மாறாத ஒன்றும் இருக்கிறது. விஷம் குடித்துவிட்டு வருகிறவர்களை வார்டில் நடத்தும் விதம். எங்கள் காலத்தில் கட்டில் பக்கத்தில் போலீஸ்காரர் நிற்பார், தற்கொலை முயற்சி அன்றைய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவில் குற்றம். டியூப் போடும்போதே, "சாகத் துணிஞ்சவளுக்கு இது வலிக்குதாக்கும்" என்று திட்டுவதைப் பல ஆஸ்பத்திரிகளில் கேட்டிருக்கிறேன். 2017 சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக்கூடாது என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், 309-ஐப் போல எல்லாத் தற்கொலை முயற்சியையும் குற்றமாக்கும் பிரிவு இல்லை. போலீஸ்காரர் போய்விட்டார், ஆனால் அந்தத் திட்டு இன்னும் போகவில்லை. போன வருடம்கூட இந்தப் பெண் என்னிடம் அதே வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, "சிஸ்டர் அப்படிப் பேசலாமுங்களா பெரியம்மா?" என்று கேட்டாள்.

பேசக்கூடாது. கேட்க வேண்டும். "செத்துப்போயிரலாம்னு இப்பவும் தோணுதுங்களா? எப்படின்னு ஏதாச்சும் நெனச்சு வெச்சிருக்கீங்களா?" என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிட்டுவிடுவோமோ என்று மாணவிகள் பயப்படுகிறார்கள். அப்படிக் கிளப்பிவிடாது. ஒருவர் துணிந்து கேட்டுவிட்டார் என்பதே பெரிய ஆறுதல் என்று எத்தனையோ பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முயன்று பிழைத்தவர் மறுபடி முயலக்கூடும். அதனால் டிஸ்சார்ஜ் அன்று உடம்பு தேறியதை மட்டும் பார்த்து அனுப்பக்கூடாது. வீட்டில் யார் கூட இருப்பார்கள், எதை எட்டாத இடத்தில் பூட்டிவைக்க வேண்டும், அடுத்து எந்தத் தேதியில் வர வேண்டும் என்று பேசி முடித்துத்தான் அனுப்ப வேண்டும்.

நிம்ஹான்ஸ் நடத்திய 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநலப் பாதிப்போடு இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குச் சிகிச்சை போய்ச் சேரவில்லை. அப்படியானால் சங்ககிரியில் எந்தத் தெருவும் விலக்கில்லை. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே இத்தனை நர்சிங் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றின் முதல்வர்களிடமும் டியூட்டர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு மாணவிக்கும் ஒரு குடும்பத்தைக் கொடுங்கள். வார்டில் பார்த்த நோயாளியையே, அவர் சம்மதத்தோடு, ஐந்தாம் செமஸ்டரிலிருந்து ஆறாம் செமஸ்டர் முடியும்வரை ஓ.பி.யிலும் வீட்டிலும் அவள் தொடர்ந்து பார்க்கட்டும், டியூட்டரும் கூடவே போகட்டும். அந்த வீட்டில் மருந்து எங்கே வைத்திருக்கிறார்கள், யார் எடுத்துக் கொடுக்கிறார்கள், அம்மா எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்பதையெல்லாம் அவள் பார்க்கட்டும். படிவங்களில் பாதியை எடுத்துவிட்டாலும் படிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

இதைப் படிக்கும் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டில் யாராவது தூங்காமல், சாப்பிடாமல், தனக்குத்தானே பேசிக்கொண்டோ, வாழ்ந்து என்ன என்று சொல்லிக்கொண்டோ இருந்தால் கோயிலுக்கும் போங்கள், டாக்டரிடமும் போங்கள். ஒன்றுக்காக ஒன்றை விட வேண்டியதில்லை. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு உதவி எண் அது, 2022 அக்டோபரில் தொடங்கியது. ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.